நாதாங்கியிலிருந்து தொடங்குவோம்

வீட்டுத் திருட்டுச் செய்திகள் தமிழ் நாளிதழ்களில் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வரும். குடும்பத்தோடு கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் முன்வாசல் கதவு திறந்து கிடந்தது. பீரோவில் இருந்த நகையும் பணமும் இல்லை. பூட்டை உடைத்துப் புகுந்த மர்ம நபர்களைப் போலீசார் தேடி வருகின்றனர். இதைப் படித்த பக்கத்துத் தெருக்காரர் மறுநாள் ஹார்டுவேர் கடைக்குப் போய், கையில் எடுத்தாலே கனம் தெரிகிற பூட்டு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீண் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். கதவு வழியாக நுழைகிறவன் பெரும்பாலும் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. பூட்டு எதில் தொங்குகிறதோ அதைப் பெயர்க்கிறான். இல்லாவிட்டால் சாவி இருக்கும் இடத்துக்குப் போய் எடுத்துக்கொள்கிறான். ஆகவே பாதுகாப்புக்கென்று ஒதுக்கும் தொகையில் பூட்டின் பங்கு சிறியதாகவும், பூட்டைத் தாங்கும் இரும்புக்கும் மரத்துக்கும் உரிய பங்கு பெரியதாகவும் இருக்க வேண்டும். காசே செலவாகாத ஒரு வேலையும் உண்டு: சாவி யார் யார் கையில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது.

பழைய வீடுகளின் முன்கதவிலும், இன்று கட்டப்படும் நடுத்தர வீடுகளின் பின்கதவிலும் பூட்டுப் போடுவது நாதாங்கியில்தான். அதை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். கீல் போல மடியும் ஒரு தகட்டுப் பட்டை. அது போய் மாட்டும் வளையம் எதிரே நிலையிலோ இரண்டாவது கதவிலோ இருக்கும். பட்டையை மரத்தோடு பிடித்திருப்பவை முக்கால் அங்குலத் திருகாணிகள் நாலு. பல வீடுகளில் அவற்றின் தலை வெளியே தெரியும். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் சத்தமில்லாமல் கழற்றிவிடலாம். தலை மறைந்திருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பினால், மழையில் ஊறி வெயிலில் காய்ந்த மரம் திருகாணியை விட்டுவிடும். பூட்டு பூட்டியது பூட்டியபடி நாதாங்கியோடு தரையில் கிடக்கும். அதில் ஒரு கீறல்கூட இராது. அந்தப் பூட்டின் விலை 200 ரூபாயா 2,000 ரூபாயா என்பது இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம்.

பரிகாரம் தச்சருக்கு அரைநாள் வேலை. நாதாங்கி, வளையம் இரண்டையும் கழற்றிவிட்டு, கதவை முழுவதுமாகத் துளைத்து மறுபக்கம் வரும் போல்ட்டுகளால் பிணைத்து, உள்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு முடுக்கச் சொல்ல வேண்டும். வெளியே தெரியும் போல்ட் தலை உருண்டையாக, எந்தக் கருவிக்கும் பிடி கொடுக்காததாக இருக்கட்டும். பட்டையும் வெறும் தகடாக இல்லாமல் 5 மி.மீ. கனமாவது இருப்பது நல்லது. கிரில் பட்டறையில் சொன்னால் வெட்டித் துளை போட்டே தருவார்கள். பூட்டின் வளையத்துக்கும் நாதாங்கிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். கம்பியை நுழைத்து முறுக்க அந்த இடைவெளிதான் உதவுகிறது. குட்டை வளையப் பூட்டுகள் நெட்டை வளையப் பூட்டுகளைவிட மேல் என்பது இதனால்தான். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவாக இருந்தால் கீலின் ஊசியும் வெளியேதான் நிற்கும். அதைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டின் பக்கம் போகவே தேவையில்லை. ஊசியின் இரு முனையிலும் வெல்டிங் பொட்டு வைத்துவிட்டால் அந்த வழி அடைபடும்.

இதனால் பூட்டைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்த ஊர்ப் பட்டறைகளில் கையால் ராவிச் செய்த மாங்காய்ப் பூட்டுக்கு அந்த மரியாதை தகும். அதன் வயிற்றுக்குள் லீவர் எனப்படும் தகடுகள் அடுக்காக இருக்கும். சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்கென்று அளந்த உயரத்துக்கு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், தூக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் அந்த நிலைக்கு வந்தால்தான் உள்ளே நாக்கு நகரும். ஆகவே லீவர் எண்ணிக்கை கூடக் கூட, வேறு சாவி தற்செயலாகப் பொருந்துவதும், கம்பியை விட்டு நெண்டித் திறப்பதும் கடினமாகின்றன. ஆறு லீவர், எட்டு லீவர் என்று கடைக்காரர் விலை ஏற்றுவதில் பொய்யில்லை. எந்தக் கேள்விக்கு அந்த எண் விடை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கள்ளச்சாவிக்கு அது விடை. கடப்பாரைக்கு அது விடையே அல்ல. எட்டு லீவர் பூட்டைக் கொண்டுபோய்த் தகர நாதாங்கியில் தொங்கவிடுவது அதைச் செய்த ஆசாரிக்கு நாம் செய்யும் அவமரியாதை.

நெண்டித் திறக்கும் கலை உலகத்தில் இல்லாமல் இல்லை. 1851-இல் லண்டனில் பெரும் பொருட்காட்சி நடந்தபோது, ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், இங்கிலாந்தில் பெரும் பேர் பெற்றிருந்த சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். பிறகு, பிராமா நிறுவனம் பந்தயத் தொகை அறிவித்துப் பல்லாண்டுகளாகக் கடைக் கண்ணாடியில் வைத்திருந்த பூட்டைக் கையில் எடுத்தார். அதைத் திறக்க 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. பூட்டின் குறையை இப்படி ஊரறியச் செய்வது திருடனுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இந்த அத்தியாயத்தைப் படிப்பவருக்கும் அது வரலாம். அன்று சொல்லப்பட்ட பதில் இன்றும் செல்லும்: இதையே தொழிலாகச் செய்கிறவனுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பவர் வீட்டுக்காரர்தான். ஆனால் அந்தக் கதையில் நமக்கு உதவுவது அந்த 51 மணி நேரம். பிராமா பூட்டு தோற்றது என்று ஊர் பேசியது. வீட்டுக்காரர் பக்கமிருந்து பார்த்தால் அது ஜெயித்த பூட்டு. தெருவாசலில் ஒரு பூட்டோடு 51 நிமிடம் உட்கார்ந்திருக்க எந்தத் திருடனுக்கும் துணிச்சல் வராது.

இங்கேதான் வழக்கமான மறுப்பு வரும். உள்ளே வந்தே தீருவது என்று முடிவு செய்தவனை எந்தப் பூட்டு தடுக்கும், எல்லாம் மனத் திருப்திக்குத்தான் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட வீட்டைக் குறிவைத்து, ஆள் அம்போடு வருகிறவனைப் பற்றி அது உண்மையாக இருக்கலாம். பெரும்பாலான வீட்டுத் திருட்டு அப்படி நடப்பதில்லை. எது சுலபமோ அங்கே நுழைகிறார்கள். இதற்கு நல்ல சான்று நெதர்லாந்தில் இருக்கிறது. அந்நாட்டில் 1999 முதல் புதிதாகக் கட்டப்படும் எல்லா வீடுகளிலும் நெம்புதலைத் தாங்கும் கதவு ஜன்னல்கள் சட்டப்படி கட்டாயம். அந்த விதிக்கு முன்பும் பின்பும் கட்டிய வீடுகளைப் பொருளாதார அறிஞர்கள் பென் வொலார்ட், யான் வான் ஊர்ஸ் இருவரும் ஒப்பிட்டு 2011-இல் ஆய்வு வெளியிட்டார்கள். புதிய வீடுகளில் திருட்டு சுமார் கால் பங்கு குறைந்திருந்தது. அந்தக் கதவுகளும் உடைக்க முடியாதவை அல்ல. சில நிமிடங்கள் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. அந்தச் சில நிமிடங்கள் நாலில் ஒரு திருட்டைத் தவிர்த்திருக்கின்றன. அங்கே உள்ள வீட்டு அமைப்பு வேறு, நம் ஜன்னல்களில் பெரும்பாலும் கம்பி உண்டு என்பதெல்லாம் சரி. ஆனால் நம் ஊரில் கதவே அதிகம் தாக்கப்படுவதற்கு அந்த ஜன்னல் கம்பிகளும் ஒரு காரணம் என்பதை நினைத்தால், இந்தக் கணக்கு நமக்கு இன்னும் அழுத்தமாகவே பொருந்துகிறது.

வெளியே தொங்கும் பூட்டில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவில் போகிற எல்லாருக்கும் அது சொல்லிவிடுகிறது. கதவுக்குள் பதித்த மார்டைஸ் பூட்டோ உள்பக்கம் பொருத்திய நைட் லாட்ச்சோ அப்படிச் சொல்வதில்லை. முன்வாசலுக்கு அவற்றில் ஒன்றே சரி. நைட் லாட்ச் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதவை வெறுமனே சாத்தினால், ஒரு பக்கம் சரிந்திருக்கும் நாக்கு மட்டும் ஸ்பிரிங் விசையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கதவிடுக்கில் வளைகிற பிளாஸ்டிக் அட்டையைச் செருகினால் அது பின்வாங்கிவிடக் கூடும். சாவியை மறுபடி திருப்பி, நாக்கு அசையாமல் நிற்கும்படி செய்தால்தான் பூட்டியதாகக் கணக்கு. மார்டைஸ் பூட்டில் பார்க்க வேண்டியது சிலிண்டர், அதாவது சாவி நுழையும் பித்தளைத் துண்டு. அது கைப்பிடித் தகட்டின் மட்டத்தோடு நிற்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து ஒடித்துவிடலாம். அதைப் பூட்டோடு பிணைக்கும் திருகாணிக்காக நடுவில் துளை போட்டிருப்பதால் அந்த இடம் மெலிந்திருக்கும், ஒடிவதும் அங்கேதான். கதவின் கனத்துக்கு ஏற்ற நீளத்தில் சிலிண்டர் கிடைக்கிறது. வாங்கும்போது கதவை அளந்துகொண்டு போவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

ஆனால் பதித்த பூட்டும் ஏதோ ஒன்றில்தானே பதிகிறது. 35 மி.மீ. கனமுள்ள ஃப்ளஷ் கதவில் பூட்டுப் பெட்டிக்காக 16 மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் எடுத்தால் இருபுறமும் மிஞ்சுவது ஒரு விரற்கடையிலும் குறைவான மரம். ஓங்கி ஒரு உதை விழுந்தால் கதவு பிளப்பது அங்கே. அந்த இடத்தில் கதவை இருபுறமும் கவ்விப்பிடிக்கும் இரும்பு அல்லது ஸ்டீல் தகடு அடிப்பது உதவும். அதைவிட முக்கியம் எதிர்ப்பக்கம். நாக்கு போய் உட்காரும் துளையைச் சுற்றி நிலையில் ஒரு சிறு தகடு இருக்கும். அதைப் பெரும்பாலும் அரை அங்குலத் திருகாணி இரண்டு பிடித்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டு 3 அங்குலத் திருகாணிகளைப் போட்டால் பிடிப்பு நிலையின் ஆழத்துக்குப் போகிறது. செலவு ஒரு டீ காசு. நிலையும் சுவரோடு சரியாகப் பிணைந்திருக்கிறதா என்பது வீடு கட்டும்போதே பார்க்க வேண்டியது. பக்கத்துக்கு மூன்றாக ஹோல்ட்ஃபாஸ்ட் வைத்து கான்கிரீட் போட்டு இறுக்குவது வழக்கம். அவசரத்தில் கலவையை மட்டும் பூசி மூடிவிட்டால் நாளடைவில் நிலையே ஆடும். இந்தப் பரிசோதனை முழுவதையும் கொல்லைக் கதவுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் செய்ய வேண்டும். முன்வாசலுக்குத் தேக்கும் பித்தளைக் கைப்பிடியும் போட்டுவிட்டு, மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு பிவிசி கதவையும் சின்னத் தாழ்ப்பாளையும் வைத்திருக்கும் வீடுகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

கிரில் கேட் இருக்கும் வீடுகளில் பூட்டை வெளிப்பக்கம் தொங்கவிடாமல், கம்பிக்குள் கையை விட்டு உள்பக்கமாகப் பூட்டலாம். பூட்டைச் சுற்றி மூன்று பக்கமும் மூடிய ஒரு இரும்புப் பெட்டியை வெல்டிங் செய்து வைத்தால் கடப்பாரையோ கட்டரோ எட்டாது. இங்கே ஒரு எதிர்வாதத்துக்கு மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். இப்படி எல்லாப் பக்கமும் இரும்பால் அடைத்துக்கொண்டால், சிலிண்டர் வெடித்தோ மின்கசிவாலோ இரவில் தீப்பிடிக்கும்போது உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? இது வெறும் பயமல்ல. புகை சூழ்ந்த இருட்டில் சாவியைத் தேட முடியாது. ஆகவே வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் சாவி தேவைப்படாத, உள்ளிருந்து கையால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு முன்கதவுக்கு வேண்டும். கிரில்லுக்குப் போட்ட பூட்டின் சாவியை, வெளியிலிருந்து குச்சி விட்டும் எட்டாத, ஆனால் வீட்டிலுள்ள குழந்தைக்கும் தெரிந்த ஒரே இடத்தில் ஆணியில் மாட்ட வேண்டும். படுக்கையறை ஜன்னல் ஒன்றிலாவது திறக்கக்கூடிய கிரில் வைப்பது இன்னும் நல்லது. திருட்டுக்குப் பயந்து தீயை மறப்பவர் பெரிய ஆபத்தை வாங்கிச் சிறிய ஆபத்தை விற்கிறார்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அது சாட்சி; காவல் அல்ல. பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் வீடுகளில் திருடர்கள் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவது அடிக்கடி செய்தியில் வருகிறது. கேமரா வாங்கும் பணத்துக்கு முன்னால் நாதாங்கிக்கும் நிலைக்கும் உரிய பணம் செலவாகியிருக்க வேண்டும் என்பதே என் முறை. எண்ணை அழுத்தித் திறக்கும் டிஜிட்டல் பூட்டுகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சாவி இல்லாததால் சாவி தொலைவதும் இல்லை. ஆனால் அவையும் அதே மரத்தில்தான் பதிகின்றன. பல மாடல்களில் அவசரத்துக்கென்று ஒரு சாவித்துளையும் இருக்கும். எல்லாருக்கும் ஒரே எண்ணைச் சொல்லி வைத்தால், அது பூந்தொட்டிக்கு அடியில் வைத்த சாவிக்குச் சமம்தான்.

பூந்தொட்டி என்றதும் சாவிக்கு வந்துவிட்டோம். தொட்டிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டில், மின்மீட்டர் பெட்டிக்குள், நிலையின் மேல் விளிம்பில், ஜன்னலுக்குள் கை எட்டும் ஆணியில் என்று சாவி ஒளித்து வைக்கும் இடங்களை யாரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நமக்கு இவ்வளவு எளிதாகத் தோன்றுவது திருடனுக்குத் தோன்றாமல் போகாது. இதை எல்லாரும் அறிந்தும் செய்வதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. கணவனும் மனைவியும் வேறு வேறு நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பள்ளியிலிருந்து முதலில் வருகிறது, சாவி ஒன்றே ஒன்று. அதிகச் சாவி செய்தால் அதிக ஆபத்து என்று நினைத்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, அந்த ஒன்றையும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கணக்கு தலைகீழாக இருக்கிறது. யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாலு சாவிகள், யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒரு சாவியைவிடப் பாதுகாப்பானவை. வீட்டில் தனியாக வெளியே போய் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி இருக்கட்டும். நாம் வெளியூரில் இருக்கும்போதும் ஓடி வந்து திறந்து பார்க்கக்கூடிய உறவினர் அல்லது பக்கத்து வீட்டாரிடம் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம்.

சாவியைத் திருடாமலேயே சாவியை எடுத்துவிடலாம் என்பதை மறக்கக் கூடாது. தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் சாதாரணச் சாவிக்குச் சில நிமிடங்களில் நகல் போட்டுத் தருவார். அது அவர் தொழில். கொண்டு வருபவர் யாரென்று அவர் கண்டாரா. வண்டியை சர்வீஸுக்கோ வாட்டர் வாஷுக்கோ விடும்போது, ஓட்டல் வாசலில் பார்க்கிங் ஊழியரிடம் கொடுக்கும்போது, வண்டிச் சாவியோடு வீட்டுச் சாவியும் அதே கொத்தில் போகிறது. பதிவேட்டில் நம் விலாசமும் இருக்கிறது. இரண்டையும் எளிதில் கழற்றக்கூடிய வளையங்களில் தனித்தனியாகக் கோர்த்தாலே இது தீர்ந்துவிடும். சாவிக்கொத்தில் கதவு எண்ணையோ ஃபிளாட் எண்ணையோ எழுதிய அட்டையைத் தொங்கவிடுவதும் தேவையற்றது. கையால் தொடக்கூட வேண்டியதில்லை. 2008-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மொட்டை மாடியிலிருந்து சுமார் 195 அடி தூரத்தில், கீழே மேசை மேல் கிடந்த சாவியை டெலிலென்ஸில் படமெடுத்து, அந்தப் படத்தைக் கணினியில் திருத்திச் சாவியின் வெட்டு அளவுகளைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். நம் தெருவில் அப்படி யாரும் லென்ஸோடு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஆனால் கிரகப்பிரவேசத்தன்று புதுச் சாவியை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள், அந்த ஆய்வாளர்களின் சிரமத்தைத் தாங்களே குறைத்து வைக்கிறார்கள்.

சாவியால் நடக்கும் திருட்டில் சட்டமும் காப்பீடும் வேறு வேறு பக்கம் நிற்பதை அறிந்திருப்பது நல்லது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 445-ஆவது பிரிவு வீட்டை உடைத்து நுழைவது என்றால் என்ன என்று விளக்கும்போது, தொலைந்துபோன சாவியைக் கண்டெடுத்து அதனால் கதவைத் திறந்து அத்துமீறி நுழைவதையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே விளக்கம் தொடர்கிறது. சட்டத்தின் கண்ணில் கதவு சேதமாகியிருக்க வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் கண் அப்படிப்பட்டதல்ல. பல பாலிசிகளில் வலுக்கட்டாயமாக உடைத்து நுழைந்திருந்தால்தான் இழப்பீடு என்று எழுதியிருக்கும். 2004-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், பாலிசியில் அப்படி நிபந்தனை இருந்தால் பலப்பிரயோகம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆக, கடப்பாரையால் கதவைப் பெயர்த்தால் நிறுவனம் பணம் கொடுக்க வாய்ப்புண்டு. தொட்டிக்கு அடியிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தால் சந்தேகம்தான். பாலிசி எடுத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியை இன்றே தேடிப் படித்துவிடுவது நல்லது.

சாவிக்கணக்கு என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். ஒரு சின்ன நோட்டு போதும். பூட்டு வாங்கும்போது எத்தனை சாவி வந்தது, பின்னால் எத்தனை நகல் போட்டோம், ஒவ்வொன்றும் யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தோம், எப்போது திரும்ப வந்தது. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுளிக்கும். பத்து வருடமாக வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் சாவி கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வதா, அது அவரைச் சந்தேகப்படுவது ஆகாதா என்பார்கள். இந்த ஆட்சேபணையில் உள்ள நல்லெண்ணத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. கதவு சேதமில்லாமல் திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் கேட்பது சாவி யாரிடம் இருந்தது என்றுதான். கணக்கு இல்லாத வீட்டில் எல்லாருடைய கையும் நீளும் இடம் அந்த அம்மாவாக இருக்கும். வேலை மாறிப் போனவரிடமும், வீட்டுக்கு பெயிண்ட் அடித்தவரிடமும் ஒரு காலத்தில் சாவி இருந்தது என்று எழுதி வைத்திருந்தால், அவர்மேல் மட்டும் பழி விழாது. அவரிடம் கொடுக்கும் சாவி முன்கதவுக்கு மட்டும் ஆகட்டும். படுக்கையறைக்கும் பீரோவுக்கும் வேறு பூட்டு இருந்தால், அவருக்கும் அது நிம்மதி. பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைத்துவிட்டு முன்வாசலுக்கு மட்டும் ஆயிரங்களில் செலவழிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

வாடகை வீட்டில் நிலைமை இன்னும் தெளிவு. முன்பு குடியிருந்தவர்கள் எத்தனை நகல் போட்டார்கள் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. குடிபோனதும் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டும் என்று அவரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். மார்டைஸ் பூட்டாக இருந்தால் கதவின் ஓரத்தில் உள்ள ஒரே நீளத் திருகாணியைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பிப் பிடித்து இழுத்தால் சிலிண்டர் தனியாக வந்துவிடும். அதே அளவில் புதியதைச் செருகித் திருகிவிடலாம். பத்து நிமிட வேலை. பழைய சிலிண்டரை ஒரு கவரில் போட்டு வைத்திருந்து, காலி செய்யும்போது மறுபடி மாட்டிவிட்டால் வீட்டுக்காரருக்கும் மனத்தாங்கல் இல்லை. சாவி தொலைந்தாலும் இதே வைத்தியம்தான். எங்கேயாவது விழுந்திருக்கும், யாருக்கு நம் வீடு தெரியப்போகிறது என்று விட்டுவிடுவது பழக்கம். சாவி தொலைந்த பை ஒன்றில் ஆதார் அட்டையோ மின்கட்டண ரசீதோ இருந்திருந்தால், யாருக்குத் தெரியப்போகிறது என்ற கேள்விக்கு விடை அந்தப் பையிலேயே இருக்கிறது.

வெளியூர் போகும்போது இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் சோதனை வருகிறது. பால் பாக்கெட், பேப்பர் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும் என்பது தெரிந்ததே. நம் ஊரில் அதைவிடப் பெரிய அடையாளம் வாசல். காலை எட்டு மணிக்கும் தெளிக்காத, கோலம் இல்லாத வாசல் பூட்டுத் தொங்குவதற்குச் சமம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி ஒரு கோலம் போட்டுவிடச் சொல்வது எந்தக் கேமராவுக்கும் குறைந்ததல்ல. இங்கிலாந்தில் குற்ற ஆய்வுத் தரவுகளை அலசியவர்கள் கண்டதும் இந்த வகைதான்: உறுதியான கதவுப் பூட்டு, ஜன்னல் பூட்டு, உள்ளே எரியும் விளக்கு, வெளியே எரியும் விளக்கு ஆகியவை ஒன்றாகச் சேரும்போது தனித்தனியாகத் தரும் பலனைவிட மிக அதிகம் காக்கின்றன. பகலெல்லாம் எரிந்துகொண்டே இருக்கும் வாசல் பல்பு நேர்மாறான செய்தியைச் சொல்லும் என்பதால் டைமர் வைத்த சுவிட்ச் வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது பார்த்துக்கொள்வார்கள். நகையை வங்கி லாக்கரில் வைப்பது சரியே. அதற்கும் எல்லை உண்டு: ரிசர்வ் வங்கியின் விதிப்படி, திருட்டோ தீயோ நேர்ந்தால் வங்கி தரும் இழப்பீடு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். 3,000 ரூபாய் வாடகை லாக்கருக்கு அது 3 லட்சம்.

இத்தனைக்குப் பிறகும் திருட்டு நடந்துவிட்டால், உள்ளே ஓடிப் பீரோவைத் துழாவாமல் வெளியே நின்று 100-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். கைரேகை பதிந்திருக்கும் கைப்பிடியைத்தான் பதற்றத்தில் எல்லாரும் முதலில் தொடுகிறார்கள். ஒருமுறை திருட்டுப் போன வீடு கொஞ்ச நாளிலேயே மறுபடி திருட்டுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம் என்பதை 1980-களில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் நடந்த ஆய்வு காட்டியது. உள்ளமைப்பும் போகும் வழியும் வந்தவனுக்கு இப்போது தெரியும். ஆகவே உடைந்த கதவை மட்டும் சரிசெய்துவிட்டு நிற்காமல், உள்ளே ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று நோட்டோடு ஒப்பிட்டு, குறைந்த சாவிக்குரிய பூட்டுகளை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். வண்டியின் இரண்டாவது சாவியையும் பாருங்கள். பீரோவைப் பார்க்கிற பரபரப்பில் அது மறந்துபோகும். பெயர்ந்த நாதாங்கி, வளைந்த திருகாணி, பிளந்த மரத்துண்டு எதையும் தச்சர் வந்து குப்பையில் போட்டுவிடாமல், போலீஸ் பார்த்து முடித்த பிறகு படமெடுத்து ஒரு பையில் கட்டி வையுங்கள். காப்பீட்டு சர்வேயர் வந்து கேட்கும் முதல் கேள்விக்கு அந்தப் பைதான் பதில்.